புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்கள்: மென்பொருளில் நொடியின் பின்னங்களை எழுதவும் படிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார்குடிக்கு அருகில் உள்ள ஓர் அரிசி ஆலையில், சிப்பம் பிடிக்கும் இடத்தில் இருக்கும் மூன்று மின்னணுத் தராசுகளையும் சீட்டு அச்சிடும் இயந்திரத்தையும் இணைக்கும் மென்பொருளை நான் எழுதிக் கொடுத்தேன். தராசு ஒவ்வொரு 26 கிலோ சிப்பத்தின் எடையையும் அது நிலைபெற்ற நேரத்தையும் ஒரு வரியாக அனுப்பும். அச்சு இயந்திரம் தான் அச்சிட்ட சீட்டின் எண்ணையும் அச்சிட்ட நேரத்தையும் அனுப்பும். எந்தச் சீட்டின் நேரம் எந்த எடையின் நேரத்துக்கு மிக அருகில் இருக்கிறதோ, அந்த இரண்டையும் என் நிரல் சேர்த்து வைக்கும். மூன்று தராசுகளும் ஒன்றாக ஓடும்போது ஒரே நொடிக்குள் இரண்டு, மூன்று பதிவுகள் விழும் என்பதால், நேரத்தை மில்லிநொடி வரை, அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை, வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம்.

சம்பா அறுவடை முடிந்து நெல் குவிந்த தை மாதத்தில், எடை குறைவு என்று நிரல் சொல்லி ஒதுக்கிய சிப்பத்தை மறுபடி நிறுத்தால் எடை சரியாக இருந்தது. சரி என்று போன சிப்பத்தில் எடை குறைந்தது. எல்லாச் சிப்பத்திலும் இப்படி நடக்கவில்லை. எப்போது நடக்கும் என்றும் தெரியவில்லை. தராசு அனுப்பிய மூல வரிகளைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒரு வரியில் 08:15:30.312 என்று இருந்தது. அடுத்து வந்த ஒரு வரியில் 08:15:31.45 என்று இருந்தது. இரண்டாவது வரியில் தராசு சொல்ல வந்தது 31 நொடி, 45 மில்லிநொடி. என் நிரல் படித்ததோ 31 நொடி, 450 மில்லிநொடி. மில்லிநொடியின் எண்ணிக்கை 100-க்குக் கீழே இருந்த வரிகளில் மட்டும், அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒரு வரியில் மட்டும், நேரம் பிசகியிருந்தது.

அந்தப் பிழையைத் தேடிய நாள்களில் நான் கற்றுக்கொண்டவற்றையும், அதன் பிறகு ஒவ்வொரு பணியிலும் நான் பின்பற்றும் வரிசையையும் இங்கே எழுதுகிறேன். நிரல் குறிகளில் வரும் ரோமன் எழுத்துகளை அவற்றின் ஒலிப்பிலேயே தமிழில் எழுதியுள்ளேன்.

படி 1: அது எண்ணிக்கையா, பின்னமா என்பதை முதலில் தீர்மானிக்கவும்

இந்தப் பொருளில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி ஒரே இடத்தில் பிறக்கிறது. நேரத்தை எழுதும்போது மணி, நிமிடம், நொடி ஆகிய மூன்றும் எண்ணிக்கைகள். 8:05 என்றாலும் 8:5 என்றாலும் எட்டு மணி ஐந்து நிமிடம்தான். ஆனால் புள்ளிக்குப் பின்னால் வருவது எண்ணிக்கை அல்ல. அது ஒரு நொடியின் பின்னம். அங்கே .5 என்றால் அரை நொடி, .05 என்றால் இருபதில் ஒரு பங்கு நொடி. இடப்பக்கச் சுழியம் அங்கே பொருள் உடையது. வலப்பக்கச் சுழியம் மதிப்பை மாற்றாது. முழு எண்களில் நாம் பழகியதற்கு இது நேர் எதிரானது.

தஞ்சைப் பகுதி நில அளவை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. 20 மா சேர்ந்தது ஒரு வேலி. ஆகவே 2 வேலி 5 மா என்பது இரண்டே கால் வேலி. அதை ஒருவர் 2.5 வேலி என்று எழுதிவிட்டால், படிப்பவர் இரண்டரை வேலி என்று எடுத்துக்கொள்வார். நடுவில் 5 மா நிலம், ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஏக்கர், தாளில் மட்டும் முளைத்துவிடும். மா என்ற கட்டத்தில் இருந்த எண்ணிக்கையைப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே கொண்டுபோய் வைத்ததுதான் தவறு. அந்தத் தராசை நிரல்படுத்தியவரும் இதையேதான் செய்திருந்தார்: நொடியை எழுதி, ஒரு புள்ளி வைத்து, மில்லிநொடியின் எண்ணிக்கையை ஒட்டிவிட்டார். மில்லிநொடி மூன்று இலக்கமாக இருந்தவரை எண்ணிக்கையும் பின்னமும் ஒரே தோற்றத்தில் இருந்ததால், சோதனையின்போது யாருக்கும் ஐயம் எழவில்லை.

ஆகவே எந்த இயந்திரத்திடமிருந்தோ சேவையிடமிருந்தோ நேரம் வாங்கினாலும், ஆவணத்தை மட்டும் நம்பாமல், சில ஆயிரம் மூல வரிகளை வாங்கி, புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எப்போதும் மூன்று, அல்லது எப்போதும் ஆறு என்றால் கவலை இல்லை. இலக்கங்களின் எண்ணிக்கை மாறினால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். வலப்பக்கச் சுழியங்கள் வெட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் எந்த வரியும் சுழியத்தில் முடியாது. இடப்பக்கச் சுழியங்கள் தவறியிருக்கலாம். அப்படியானால் மூன்று இலக்க வரிகளில் சுழியத்தில் முடிபவை இருக்கும், ஆனால் சுழியத்தில் தொடங்குபவை ஒன்றுகூட இருக்காது. இந்தச் சிறு சோதனைக்குச் செலவாகும் கால் மணி நேரம் எனக்கு அந்தத் தை மாதத்தில் இரண்டு வாரங்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். இன்று விநாடி, நொடி இரண்டையும் ஒரே பொருளில் வழங்குகிறோம். பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. ஆகவே அந்த விநாடி இன்றைய அளவில் 24 நொடி. பஞ்சாங்கத் தரவை மென்பொருளில் ஏற்றுபவர்களுக்கு இந்த வேறுபாடு உண்மையான சிக்கல். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் நொடி என்றே எழுதுகிறேன்.

படி 2: நேரம் செல்லும் வழியில் மிகக் குறுகிய மதகு எது என்று பார்க்கவும்

மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும், கடைமடைக்கு வருவது இடையில் உள்ள மதகுகள் விடுகிற அளவுதான். நேரத்தின் துல்லியமும் அப்படியே. கருவியின் கடிகாரம், நிரல்மொழியின் நேர வகை, அனுப்பும் உரை, தரவுத்தளத்தின் பத்தி (நெடுவரிசை), கடைசியில் திரை என்று ஐந்து இடங்களைக் கடக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் எத்தனை இலக்கம் தாங்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டின் டேட் வகை மில்லிநொடி வரை, அதாவது 3 இலக்கம், தாங்கும். பைத்தானின் டேட்டைம் வகை மைக்ரோநொடி (நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை, 6 இலக்கம். டாட்நெட்டின் டேட்டைம் 100 நானோநொடியை (நானோநொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) ஓர் அலகாகக் கொள்வதால் 7 இலக்கம். ஜாவாவின் புதிய நேர வகைகளும் கோ மொழியின் நேர வகையும் நானோநொடி வரை, 9 இலக்கம். தரவுத்தளங்களில் போஸ்ட்கிரெஸ் 6 இலக்கம் தாங்கும். மைஎஸ்க்யூஎல் பத்தியை உருவாக்கும்போது நாம் சொல்லும் அளவுக்கு, அதிகபட்சம் 6. ஒன்றும் சொல்லாவிட்டால் பின்னமே இல்லை. ஆரக்கிளின் டேட் வகையில் பின்னம் கிடையாது. டைம்ஸ்டாம்ப் வகை 9 இலக்கம் வரை தாங்கும். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை மில்லிநொடியைக் காட்டினாலும், கடைசி இலக்கத்தை 0, 3, 7 ஆகிய மூன்றில் ஒன்றாக மாற்றியே வைக்கும். டேட்டைம்2 வகையில் இந்தச் சிக்கல் இல்லை.

இந்தத் தாளில் மிகச் சிறிய எண் எதுவோ, அதுவே உங்கள் அமைப்பின் உண்மையான துல்லியம். அதை வெளிப்படையாக ஏற்று, தொடக்கத்திலேயே அந்த அளவுக்கு வெட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நினைவகத்தில் இருக்கும் நேரமும் தரவுத்தளத்திலிருந்து திரும்பி வரும் நேரமும் சமமாக இராது. சேமித்த பதிவு மாறிவிட்டதாக நிரல் தவறாக முடிவு செய்யும். இலக்கம் கூடினால் நேரம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். இணையத்தின் வழியாக என்டிபி முறையில் சரிசெய்யப்படும் சாதாரணக் கணினியின் கடிகாரம், உண்மை நேரத்திலிருந்து சில மில்லிநொடிகளோ சில பத்து மில்லிநொடிகளோ விலகியிருப்பது இயல்பு.

படி 3: எழுதும் வடிவத்தை ஒன்றாக முடிவு செய்யவும்

ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் நொடியின் பின்னத்துக்கு முன்னால் காற்புள்ளியையும் புள்ளியையும் ஏற்கிறது. இணையத்துக்காக 2002-இல் வெளியான ஆர்எஃப்சி 3339 அதைச் சுருக்கி, புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டது; புள்ளி வந்தால் அதன் பின் குறைந்தது ஓர் இலக்கம் வர வேண்டும் என்றது; மேல் வரம்பு எதுவும் சொல்லவில்லை. தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் ரோமன் எழுத்தான டி வரும். படிக்க எளிதாக இருக்கும்பொருட்டு இடைவெளியும் விடலாம் என்ற குறிப்பு அதில் உண்டு, இங்கு நான் அப்படியே எழுதுகிறேன். கடைசியில் உலகப் பொது நேரமானால் இசட் எழுத்து, இந்திய நேரமானால் +05:30.

என் பரிந்துரை இது: உள்ளே எங்கும் உலகப் பொது நேரம், புள்ளி, மாறாத இலக்க எண்ணிக்கை. பின்னம் சுழியமாக இருந்தாலும் .000 என்று முழுமையாக எழுத வேண்டும். நேர மண்டல வேறுபாடு முழு நிமிடங்களில் இருப்பதால், இந்திய நேரத்துக்கு மாற்றும்போது மணியும் நிமிடமும் மாறுமே தவிரப் பின்னம் மாறாது. இரண்டு பதிவுகளின் பின்னங்களை ஒப்பிட்டுப் பிழை தேடும்போது இது பெரிதும் உதவும்.

மாறாத இலக்க எண்ணிக்கையை நான் வலியுறுத்துவதற்கு வரிசைப்படுத்தல் காரணம். பதிவுக் கோப்புகளை நாம் பெரும்பாலும் எழுத்து வரிசையில்தான் அடுக்குகிறோம். சுழியங்களை வெட்டி எழுதினால், சரியாக 30-ஆம் நொடியில் வந்த பதிவில் 30-ஐ அடுத்து இசட் வரும், 30.5-இல் வந்த பதிவில் 30-ஐ அடுத்துப் புள்ளி வரும். எழுத்துகளுக்குக் கணினி தரும் வரிசை எண்களின் பட்டியலான ஆஸ்கி அட்டவணையில் புள்ளி இசட் எழுத்துக்கு முந்தியது. ஆகவே பின்னால் நடந்தது முன்னால் வந்து நிற்கும். கோ மொழியின் ஆயத்த வடிவங்களில் நானோநொடியோடு வரும் ஆர்எஃப்சி 3339 வடிவம் வலப்பக்கச் சுழியங்களை வெட்டுவதால், அந்த மொழியின் ஆவணமே வரிசை பிசகலாம் என்று எச்சரிக்கிறது.

படி 4: எழுதும்போது சுழியத்தால் நிரப்பவும், மேல்நோக்கி முழுமையாக்க வேண்டாம்

நேரத்தை உரையாக எழுதும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, சுழியம் நிரப்பப்படுகிறதா என்பது. கையால் உரைத் துண்டுகளைச் சேர்த்து எழுதுவதைக் கூடுமானவரை விட்டுவிட்டு, மொழியின் சொந்தக் கருவியையே பயன்படுத்துங்கள். சி மொழியின் ஸ்டிராஃப்டைம் போல நொடியின் பின்னத்துக்கு வழியே இல்லாத கருவிகளும் உண்டு. அங்கே முழு நொடி வரை அதைக் கொண்டு எழுதி, பின்னத்தை மூன்று, ஆறு அல்லது ஒன்பது இலக்க அகலத்தோடும் இடப்பக்கச் சுழியத்தோடும் தனியாக எழுத வேண்டும். அந்தத் தராசில் விடுபட்டது அந்த அகலக் குறி ஒன்றுதான்.

இரண்டாவது கேள்வி, அதிகமான இலக்கங்கள் வெட்டப்படுகின்றனவா, அருகில் உள்ள எண்ணுக்கு முழுமையாக்கப்படுகின்றனவா என்பது. எண்களுக்கு முழுமையாக்கல் சரியான வழி. நேரத்துக்கு வெட்டுவதே பாதுகாப்பு. 08:15:59.9996 என்ற நேரத்தை மூன்று இலக்கமாக முழுமையாக்க நேர்ந்தால், நொடி 60 ஆகும், நிமிடம் 16 ஆக வேண்டும். நொடியையும் பின்னத்தையும் தனித்தனியாக எழுதும் நிரலில் அந்த ஏற்றம் நடக்காமல் 08:15:60.000 என்றோ 08:15:59.1000 என்றோ உரை வெளிவந்துவிடும். நள்ளிரவுக்கு முன் இது நேர்ந்தால் தேதி, மாதம், ஆண்டு எல்லாமே மாற வேண்டும். மேலும், கடிகாரத்தில் 15-ஆவது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்போது 16 என்று நாம் எழுதுவதில்லை; பின்னத்துக்கும் அதே நெறிதான் பொருந்தும்.

இனி மொழிவாரியாக. பைத்தானில் விழுக்காட்டுக் குறியோடு வரும் சிறிய எஃப் எப்போதும் 6 இலக்கம் எழுதும். ஆனால் ஐஎஸ்ஓஃபார்மேட் என்ற செயற்கூறு மைக்ரோநொடி சுழியமாக இருந்தால் புள்ளியையும் பின்னத்தையும் அடியோடு விட்டுவிடும். மில்லிநொடித் துல்லியத்தில் வரும் தரவில் ஆயிரத்தில் ஒரு முறை இப்படி நடக்கும். சோதனையில் தப்பித்து, களத்தில் போய்ச் சிக்கும் விகிதம் அது. 3.6 பதிப்பிலிருந்து உள்ள டைம்ஸ்பெக் என்ற அமைப்பில் மில்லிநொடி என்று குறிப்பிட்டால் எப்போதும் 3 இலக்கம் வரும், மிகுதி வெட்டப்படும்.

டாட்நெட்டில் சிறிய எஃப்பும் பெரிய எஃப்பும் வேறு வேறு. சிறிய எஃப் மூன்று முறை வந்தால் சுழியம் உட்பட மூன்று இலக்கம். பெரிய எஃப் மூன்று முறை வந்தால் அதிகபட்சம் மூன்று, வலப்பக்கச் சுழியங்கள் போய்விடும். கோ மொழியில் இதே வேறுபாட்டைப் புள்ளிக்குப் பின் 000 என்று எழுதுவதா 999 என்று எழுதுவதா என்பது தீர்மானிக்கிறது. 000 சுழியங்களை வைத்திருக்கும், 999 வெட்டும். ஜாவாவின் இன்ஸ்டன்ட் வகையை நேரடியாக உரையாக்கினால் தேவைக்கேற்ப 0, 3, 6 அல்லது 9 இலக்கம் வரும். ஆகவே அதை அப்படியே பதிவுக் கோப்பில் எழுதாமல், அளவு குறிப்பிட்ட வடிவத்தின் வழியாக எழுதுங்கள். ஜாவா 8-இல் மில்லிநொடி வரை மட்டுமே தந்த கடிகாரம் 9-ஆம் பதிப்பிலிருந்து, இயங்குதளம் தருமானால், அதைவிட நுண்ணிய நேரம் தரும். எனவே நிரலில் ஒரு எழுத்தும் மாறாமல், பதிப்பை உயர்த்தியதும் 3 இலக்கம் 6 ஆகிவிடலாம். ஜாவாஸ்கிரிப்டின் டூஐஎஸ்ஓஸ்டிரிங் எப்போதும் சரியாக 3 இலக்கமும் இசட்டும் எழுதும். இந்த வகையில் அது நம்பத்தகுந்தது. பிஎச்பியில் சிறிய வி மில்லிநொடி, சிறிய யூ மைக்ரோநொடி. ஆனால் டேட் செயற்கூறு முழு நொடியையே வாங்குவதால் அங்கே யூ எப்போதும் ஆறு சுழியங்களையே தரும், டேட்டைம் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். லினக்ஸ் கட்டளை வரியில் உள்ள குனூ டேட் கட்டளையில் பெரிய என் 9 இலக்கமும், 3 சேர்த்து எழுதினால் 3 இலக்கமும் தரும்.

படி 5: படிக்கும்போது தாராளமாக வாங்கி, வலப்பக்கத்தில் நிரப்பவும்

படிக்கும் நிரலுக்கு என் நெறி இதுதான். பின்னம் இல்லாவிட்டால் சுழியம். இருந்தால் ஒன்று முதல் ஒன்பது இலக்கம் வரை ஏற்கலாம். அந்த இலக்கங்களை எண்ணாக மாற்றுவதற்கு முன்பே, உரையாக இருக்கும்போதே, வலப்பக்கத்தில் சுழியம் சேர்த்து ஒன்பது இலக்கமாக்க வேண்டும். அதன் பிறகு முழு எண்ணாக மாற்றினால் நானோநொடி கிடைக்கும். 45 என்பது 450000000 ஆகும். 045 என்பது 045000000 ஆகும். ஒன்பதுக்கு மேல் வந்தால் மிகுதியை வெட்டுங்கள். மாற்றிவிட்டுப் பெருக்க நினைத்தால் 45-க்கும் 045-க்கும் வேறுபாடு மறைந்துவிடும்.

ஆயத்தக் கருவிகளில் மிகுந்த கவனம் வேண்டியது ஜாவாவின் பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட். அதில் பெரிய எஸ் என்பது பின்னம் அல்ல, மில்லிநொடியின் எண்ணிக்கை. .5 என்று வந்தால் அது 5 மில்லிநொடி என்று கொள்ளும். இன்னும் மோசமானது ஆறு இலக்கம் வரும்போது நடப்பது: 08:15:30.123456 என்ற உரையைக் கொடுத்தால் 123456 மில்லிநொடியைக் கூட்டி, அதாவது 2 நிமிடம் 3.456 நொடியைக் கூட்டி, 08:17:33.456 என்று தரும். பிழை என்று சொல்லி நிற்காது. 2014-இல் வந்த ஜாவா 8-இன் டேட்டைம்ஃபார்மேட்டரில் அதே பெரிய எஸ் பின்னமாகவே பொருள்படும். இலக்கங்கள் மாறி வரும் தரவுக்கு, வடிவத்தைக் கட்டும் கருவியில் உள்ள அப்பெண்ட்ஃபிராக்ஷன் வழியாகக் குறைந்தது 0, அதிகபட்சம் 9 என்று சொல்லலாம். பழைய நிரலைப் புதியதாக மாற்றும்போது எழுத்து ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பதை மறக்கக் கூடாது. இடைவெளியே இல்லாமல் நொடியும் மில்லிநொடியும் ஒட்டி வரும் வடிவத்தை ஜாவா 8 படிக்க மறுக்கும் ஒரு பிழையும் இருந்தது. அது 9-இல் சரிசெய்யப்பட்டது.

பைத்தானின் ஸ்டிரப்டைம் செயற்கூறில் எஃப் குறி 1 முதல் 6 இலக்கம் வரை ஏற்று, வலப்பக்கத்தில் சரியாகவே நிரப்பும். 7 இலக்கம் வந்தால் பிழை எழுப்பும். டாட்நெட்டிலிருந்து வரும் தரவில் இது அடிக்கடி நேரும். புள்ளியே இல்லாமல் வந்தாலும் பிழைதான். ஃபிரம்ஐஎஸ்ஓஃபார்மேட் 3.11-க்கு முன் 3 அல்லது 6 இலக்கத்தை மட்டுமே ஏற்றது, 3.11 முதல் பிற எண்ணிக்கைகளையும் ஏற்று, மிகுதியை வெட்டுகிறது. டாட்நெட்டின் பார்ஸ்எக்ஸாக்ட் சிறிய எஃப் மூன்றுக்குச் சரியாக மூன்று இலக்கம் கேட்கும். பெரிய எஃப் ஏழு கொடுத்தால் குறைவாக வந்தாலும் ஏற்கும். கோ மொழி, வடிவத்தில் பின்னம் குறிப்பிடப்படாவிட்டாலும், நொடியை அடுத்துப் பின்னம் வந்தால் தானே படித்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டின் தரம் மூன்று இலக்கத்தை மட்டுமே வரையறுக்கிறது. வேறு எண்ணிக்கையை உலாவியின் போக்குக்கு விடாமல், நீங்களே மூன்றாக்கிக் கொடுங்கள். போஸ்ட்கிரெஸின் டூடைம்ஸ்டாம்பில் எம்எஸ் குறியும் பின்னமாகவே பொருள்படும், 12.3 என்பது அங்கே 12 நொடி 300 மில்லிநொடி.

படி 6: நடுவில் மிதவைப் புள்ளி எண்ணை நுழைய விடாதீர்கள்

1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகளைத் தசம எண்ணாக, அதாவது டபிள் என்ற மிதவைப் புள்ளி வகையில் வைத்திருப்பது பரவலான பழக்கம். இன்றைய நேரம் ஏறத்தாழ 170 கோடி நொடிக்கு மேல். அந்த அளவில் டபிள் வகையின் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 0.24 மைக்ரோநொடி இடைவெளி உண்டு. ஆகவே நானோநொடி அதில் நிற்காது. மைக்ரோநொடியும் தட்டுத்தடுமாறியே நிற்கும். அதைவிட அன்றாடம் இடறுவது வேறொன்று. 1.005 நொடியை 1000-ஆல் பெருக்கி மில்லிநொடியாக்கினால் டபிள் கணக்கில் 1005 வராது, 1004.9999999999999 வரும், அதை முழு எண்ணாக வெட்டினால் 1004. நேரத்தில் வெட்டுவதே சரி என்று மேலே சொன்னேன். அந்த நெறி முழு எண்களில் கணக்கிடும்போது மட்டுமே பொருந்தும்.

எனவே நொடியை ஒரு முழு எண்ணாகவும், நானோநொடியை இன்னொரு முழு எண்ணாகவும் வைத்திருங்கள். அல்லது மொத்தத்தையும் 64 பிட் முழு எண்ணில் நானோநொடியாக வைத்திருங்கள், அது 2262-ஆம் ஆண்டு வரை போதும். பைத்தானில் 3.7 முதல் உள்ள டைம்என்எஸ் இப்படியே முழு எண் தருகிறது. ஆனால் அந்தப் பெரிய எண்ணை ஜேசன் என்ற தரவு உரை வடிவம் வழியாக உலாவிக்கு அனுப்பும்போது உரையாக அனுப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் எண் வகை ஏறத்தாழ 9 ஆயிரம் டிரில்லியனுக்கு மேல் முழு எண்களைப் பிழையின்றித் தாங்காது, நானோநொடி எண்ணோ அதைவிட ஏறத்தாழ 190 மடங்கு பெரியது. 1970-க்கு முந்தைய நேரங்களில் நொடி எதிர்மறையாகவும் பின்னம் எப்போதும் நேர்மறையாகவும் இருக்க வேண்டும்: தொடக்கத்துக்கு அரை நொடி முந்தைய கணம் என்பது −1 நொடி, +500000000 நானோநொடி.

படி 7: தரவுத்தளத்தின் முழுமையாக்கலையும் நாளின் எல்லையையும் சேர்த்துப் பார்க்கவும்

ஆலையின் நாள் கணக்கை எடுப்பவர்கள் பலர், அன்று 00:00:00 முதல் 23:59:59 வரை என்று வினவல் எழுதுகிறார்கள். பின்னம் உள்ள தரவில் 23:59:59.4-இல் விழுந்த சிப்பம் அந்த நாளிலும் சேராது, மறுநாளிலும் சேராது. அதைச் சரிசெய்ய 23:59:59.999 என்று எழுதினால் வேறொரு குழி காத்திருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை அதை மறுநாள் 00:00:00.000 ஆக்கிவிடும், மறுநாள் தொடங்கும் சரியாக அந்தக் கணத்தில் விழுந்த பதிவும் இன்றைய கணக்கில் ஏறிவிடும். பின்னம் குறிப்பிடாத மைஎஸ்க்யூஎல் பத்தியில் அந்த நேரத்தைச் சேமித்தாலும் அதுவே நடக்கும், ஏனெனில் அது இயல்பாக முழுமையாக்குகிறது. வெட்ட வேண்டும் என்றால் 8.0 பதிப்பு முதல் அதற்கென ஓர் இயங்குமுறை அமைப்பு உண்டு. போஸ்ட்கிரெஸிலும் 3 இலக்கம் என்று வரையறுத்த பத்தி முழுமையாக்கும்.

தீர்வு ஒன்றே: தொடக்கத்தைச் சேர்த்து, முடிவைச் சேர்க்காமல் எழுதுங்கள். ஜூன் 12-ஆம் நாள் என்றால், ஜூன் 12 00:00:00-க்குச் சமம் அல்லது பிந்தியது, ஜூன் 13 00:00:00-க்கு முந்தியது. இந்த வினவல் எந்தத் துல்லியத்திலும் பொருந்தும். சேமிக்கும் முன்பே நிரலில் பத்தியின் அளவுக்கு வெட்டிவிட்டால், தரவுத்தளம் முழுமையாக்குவதற்கு எதுவும் மிஞ்சாது.

படி 8: எக்செல் வழியாகத் தரவு போய்வருகிறதா என்று கேளுங்கள்

டெல்டா முழுவதும் கணக்கு எழுதுபவர்களின் கையில் தரவு கடைசியில் எக்செலுக்குத்தான் போகிறது. மில்லிநொடியோடு கூடிய நேரம் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பை) அதில் நேரடியாகத் திறந்தால், 2024-06-12 08:15:30.123 என்ற நேரம் நிமிடம், நொடி, ஓர் இலக்கப் பின்னம் என்ற வடிவில் 15:30.1 என்று தெரியும். அப்படியே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரிந்ததுதான் கோப்பில் எழுதப்படும். தேதியும் மணியும் திரும்பி வராது. கோப்பைத் திறக்காமல், தரவை இறக்குமதி செய்யும் வழியில் அந்தப் பத்தியை உரை என்று குறிப்பிடச் சொல்லுங்கள்.

படி 9: சோதனைக்கு இந்த மதிப்புகளை வைத்துக்கொள்ளுங்கள்

எழுதிப் படித்தால் அதே நேரம் திரும்ப வருகிறதா என்ற சோதனை மட்டும் போதாது. எழுதுவதும் படிப்பதும் ஒரே விதமாகத் தவறாக இருந்தால் அந்தச் சோதனை தேறிவிடும். எதிர்பார்க்கும் உரையைக் கையால் எழுதி வைத்து ஒப்பிட வேண்டும். பின்னம் சரியாகச் சுழியமாக உள்ள நேரம்; 5, 45, 450 மில்லிநொடி ஆகிய மூன்றும்; .5, .50, .500 ஆகிய மூன்றும் ஒரே நேரமாக வருகின்றனவா என்பது. டிசம்பர் 31 இரவு 23:59:59.9996, ஏழும் ஒன்பதும் இலக்கம் கொண்ட உரைகள், காற்புள்ளி உள்ள உரை, 1970-க்கு அரை நொடி முந்தைய நேரம். நெட்டை நொடியையும், அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் எப்போதாவது கூட்டப்படும் ஒரு நொடியையும், சேர்க்கலாம். கடைசியாகச் சேர்க்கப்பட்டது 2016 டிசம்பர் 31-இல். இந்திய நேரத்தில் அது 2017 ஜனவரி 1 காலை 05:29:60. பல நேர வகைகள் 60 என்ற நொடியை ஏற்க மறுக்கும் என்பதால், உங்கள் நிரல் அப்போது என்ன செய்யும் என்பதை நீங்களே தீர்மானித்திருக்க வேண்டும்.

படி 10: கெட்டுப்போன பழைய தரவை மீட்டல்

ஆலையில் பிழை தெரிந்த பிறகு, முந்தைய வாரங்களின் பதிவுகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. தரவுத்தளத்தில் 500 மில்லிநொடி என்று இருந்த ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. தராசு 5 என்று எழுதியிருந்தாலும், 50 என்று எழுதியிருந்தாலும், 500 என்று எழுதியிருந்தாலும் படித்த பின் மூன்றும் ஒன்றாகிவிட்டன. ஆனால் தராசு அனுப்பிய வரிகளை ஒன்றுகூட மாற்றாமல் தனிக் கோப்பில் சேர்த்து வைத்திருந்தோம். அந்தத் தராசு ஒருபோதும் சுழியத்தை வெட்டாது, ஒருபோதும் இடப்பக்கத்தில் நிரப்பாது என்பது படி 1-இல் சொன்ன எண்ணிக்கையால் உறுதியானது. ஆகவே அதன் வரிகளுக்கு மட்டும், புள்ளிக்குப் பின் வருவதை முழு எண்ணாகப் படித்து, மூன்று இலக்கம் வரும்வரை இடப்பக்கத்தில் சுழியம் சேர்த்து, எல்லா எடைகளையும் மறுபடி சீட்டுகளோடு சேர்த்தேன். கருவியின் நிரல் திருத்தப்பட்ட நாளுக்குப் பின் வந்த வரிகளுக்கு இந்த மாற்றம் தேவையில்லை என்பதால், மூல வரியோடு கருவி நிரலின் பதிப்பு எண்ணையும் அன்று முதல் ஒரு பத்தியில் பதிந்து வருகிறோம்.